கித்தார் எந்த நாட்டில் பிறந்தது?

மின்கித்தார் வாங்க வருகிறவர்களைக் கடையில் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சுவரிலிருந்து இறக்கியதும் முதலில் அதைத் திருப்புவார்கள். கழுத்தின் உச்சியில், தலைப்பகுதியின் பின்புறத்தில், பொடி எழுத்தில் ஒரு வரிசை எண்ணும் ஒரு நாட்டின் பெயரும் இருக்கும். அமெரிக்கா என்றால் முகம் மலரும். ஜப்பான் என்றால் மரியாதை. கொரியா என்றால் ‘பரவாயில்லை’. இந்தோனேசியா, சீனா என்றால் உதடு பிதுங்கும். ஒரு நரம்பைக்கூடத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, தீர்ப்பு எழுதுகிறவர்கள் யார் என்பதுதான். பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையிலும் கூலிமிலும் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலும் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். ஜப்பானிய, அமெரிக்கப் பெயர் பொறித்த எத்தனையோ பொருள்கள் ‘மலேசியாவில் செய்தது’ என்ற சின்ன எழுத்தோடு இங்கிருந்துதான் கப்பல் ஏறுகின்றன. அந்த எழுத்தைப் பார்த்து வேறெங்கோ ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் நமக்குக் கோபம் வரும். இந்தோனேசியா என்ற எழுத்தைப் பார்த்து நாம் பிதுக்கும்போது மட்டும் அது ரசனை ஆகிவிடுகிறது.

எங்கள் தாமானில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறோம். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பொங்கல் விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். பினாங்கிலிருந்து புறப்பட்டு நாடே அறிந்த குழுவாக வளர்ந்த ‘அலிகேட்ஸ்’ சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் கதையை எங்களுக்குச் சொல்லாத பெரியவர் இல்லை. எங்களில் லீட் வாசிக்கும் தம்பி இரவல் கித்தாரில்தான் வாசித்துக்கொண்டிருந்தான். இவ்வாண்டு அவனுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தோம். கையில் 1,500 வெள்ளி. உடனே குழு இரண்டாக உடைந்தது. பழைய ஜப்பான் கித்தார் ஒன்றைத் தேடிப் பிடிப்போம் என்பது ஒரு கட்சி. புதிய இந்தோனேசியக் கித்தாரே போதும் என்பது மறு கட்சி. சிந்தோக்கில் படிப்பவன் என்பதால் ‘நீ படிச்சுப் பார்த்துச் சொல்லுடா’ என்று வேலை என் தலையில் விழுந்தது. படித்ததை இங்கே பகிர்கிறேன்.

மின்கித்தார் தொழிற்சாலைக்காகவே பிறந்த கருவி. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பொருள் எப்படிச் செய்தால் மலிவாகவும் சீராகவும் வரும் என்பது நன்றாகத் தெரியும். 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று அவர் கொண்டுவந்த கித்தார்களில் உடல் தனி, கழுத்து தனி. இரண்டையும் நான்கு திருகாணிகளால் முடுக்கிவிடலாம். வீணையைப்போல ஓர் ஆசாரி உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்யும் சங்கதி இதில் குறைவு. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு வரிசையில் நின்று செய்யலாம்.

வரிசையில் நின்றவர்கள் யார் தெரியுமா? அந்தக் காலத்துக் கழுத்துகளின் அடியில் ‘டி.ஜி.’ என்ற முதலெழுத்துகள் இருந்தால் சேகரிப்பாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அது தடேயோ கோமெஸ் என்ற தொழிலாளியின் கையெழுத்து. அபிகேல் இபாரா என்ற பெண்மணி 1956-இல் வேலைக்குச் சேர்ந்து, நரம்பின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ‘பிக்கப்’ சுருள்களைச் சுற்றினார். தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. அவர் சுற்றிய சுருள்களுக்கு இன்று தனி விலை. பெயர்களைப் பார்த்தாலே புரியும்: எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழி பேசிய கைகள்தாம் ‘அமெரிக்காவில் செய்த’ கித்தாரின் புகழை உண்டாக்கின. பிற்பாடு அதே நிறுவனம் 1987-இல் மெக்சிகோவின் என்செனாடாவில் தொழிற்சாலை திறந்தபோது, ‘மெக்சிகோதானே’ என்று விலையில் ஒரு படி இறக்கிவிட்டார்கள். அமெரிக்கத் தொழிற்சாலை இருக்கும் கொரோனா நகருக்கும் என்செனாடாவுக்கும் இடையே உள்ள தூரம், சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் போகிற தூரத்தைவிடக் குறைவு.

நாடு மாறாமலே தரம் விழுந்த கதையும் உண்டு. 1965-இல் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே அமெரிக்கா, அதே பெயர். ஆனால் 1970-களில் வந்த கித்தார்களில் பலவற்றைப் பற்றி வாசிப்பவர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டு, செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்தால் எந்த நாட்டுக் கையும் அதைத்தான் செய்யும். 1982-இல் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரிலுள்ள ஃபூஜிகென் தொழிற்சாலையில் ஃபெண்டர் கித்தார்கள் செய்யத் தொடங்கினார்கள். ஐம்பதுகளின் அளவுகளைத் திரும்பப் பிடித்துச் செய்த அந்தக் கித்தார்கள், தாய்நாட்டுக் கித்தார்களையே வெட்கப்படவைத்தன என்பார்கள். அதுவரை ஜப்பான் என்றாலே நகல், மலிவு என்றுதான் பேச்சு. ஜப்பானிய ஐபனேஸ் கித்தார்களின் தலைவடிவம் தங்களுடையதுபோல் இருக்கிறது என்று கிப்சன் தரப்பு 1977-இல் வழக்கே போட்டது. அந்த ‘வழக்குக் காலத்து’ நகல்களைத்தான் இன்று தேடித் தேடி அதிக விலைக்கு வாங்குகிறார்கள்.

பிறகு ஏன் ஜப்பானிலிருந்து தொழில் நகர்ந்தது? கைத்திறன் குறைந்ததால் இல்லை. 1985-இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 240 யென். அவ்வாண்டு செப்டம்பரில் பிளாசா உடன்பாடு கையெழுத்தானது. மூன்றே ஆண்டுகளில் அது 130 யென் அளவுக்கு வந்துவிட்டது. ஜப்பானில் செய்து வெளியே விற்பது கட்டுப்படியாகவில்லை. மலிவு விலைக் கித்தார்கள் கொரியாவுக்குப் போயின. அதே யென் உயர்வுதான் ஜப்பானிய மின்னியல் தொழிற்சாலைகளைக் கூட்டங்கூட்டமாக மலேசியாவுக்கும் அழைத்து வந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டிய என் தாத்தாவின் மகள், மரம் வெட்டப் போகாமல் சீருடை போட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியதற்கும் அந்த உடன்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. அம்மாவிடம் சொன்னேன். ‘அப்படியா?’ என்று கேட்டுவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்கினார்.

கொரியாவின் கதை நெஞ்சில் தங்குவது. 1987-க்குப் பின் அங்கே தொழிலாளர் போராட்டங்கள் வலுத்தன, ஊதியம் உயர்ந்தது. கித்தார் நிறுவனங்கள் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தொழிற்சாலை கட்டின. கோர்ட் என்ற நிறுவனம் தன் பெயரிலும் வேறு பல பெரிய பெயர்களுக்கும் கித்தார் செய்து கொடுப்பது. அது 2007-இலும் 2008-இலும் கொரியாவில் இருந்த தன் தொழிற்சாலைகளை மூடியது. வேலை இழந்தவர்கள் கலைந்து போகவில்லை. ஆண்டுக்கணக்காகக் கித்தார் செய்தும் வாசிக்கத் தெரியாதவர்கள், போராட்டப் பந்தலில் உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். தங்களுக்குள் ஓர் இசைக்குழு அமைத்தார்கள். 2010-இல் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சிக்கே போய்த் தங்கள் வழக்கைச் சொன்னார்கள். புகழ்பெற்ற கித்தார் கலைஞர் டாம் மொரெல்லோ அவர்களுக்காக வாசித்தார். 2019 ஏப்ரலில்தான் உடன்பாடு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! தோட்டம் துண்டாடப்பட்டபோது வீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

இப்போது கோர்ட்டின் பெரிய தொழிற்சாலை இந்தோனேசியாவின் சுராபாயாவில் இருக்கிறது. ஸ்குவையர் கித்தாரின் வரிசை எண் ‘ஐ.சி.எஸ்.’ என்று தொடங்கினால் அது அங்கே பிறந்தது என்று பொருள். அமெரிக்காவின் பால் ரீட் ஸ்மித் நிறுவனம் தன் ‘எஸ்.இ.’ வரிசைக் கித்தார்களை முதலில் கொரியாவில் செய்தது. பின்னர் அதையும் சுராபாயாவுக்கு மாற்றியது. மாற்றியபோது ‘இனி தரம் போச்சு’ என்றார்கள். போகவில்லை. யமாஹாவின் பசிஃபிக்கா வரிசையைப் பாருங்கள்: 2024-இல் வந்த புதிய இரண்டு வகைகளில் ஒன்று ஜப்பானில் செய்வது, மற்றது இந்தோனேசியாவில் செய்வது. வரைபடம் ஒரே குடும்பம்; விலையோ வெகுவாக வேறு. அந்த இடைவெளியில் என்னதான் இருக்கிறது?

இதற்கு நான் கேட்டதிலேயே நல்ல பதில் அம்மாவிடமிருந்து வந்தது. பாக்கார் ஆராங்கில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். “ஒரு சாமானை எத்தனை விநாடி பார்க்கலாம்னு மேலேருந்து சொல்லிடுவாங்க. பன்னண்டு விநாடின்னா, பன்னண்டு விநாடியில கண்ணுக்குத் தெரியிற குறைதான் குறை. முப்பது விநாடி குடுத்தா முப்பது விநாடிக் குறையையும் புடிப்போம். எங்க கண்ணு ஒண்ணுதான்டா.”

கித்தாருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உடலையும் கழுத்தையும் வெட்டுவது இப்போது பெரும்பாலும் கணினி இயக்கும் இயந்திரம். அதற்கு நாடு கிடையாது. கொரோனாவிலும் சுராபாயாவிலும் ஒரே மாதிரிதான் வெட்டும். அதற்குப் பிறகு வருவதுதான் கை வேலை. வீணையில் மெட்டு என்கிறோமே, கித்தாரில் அது ‘ஃபிரெட்’ எனப்படும் உலோகக் கம்பி. இருபத்திரண்டு கம்பிகளையும் ஒரே மட்டத்துக்கு ராவ வேண்டும். ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் விரல் கிழிக்காதபடி உருட்ட வேண்டும். தலைப்பக்கம் நரம்பு உட்காரும் ‘நட்’ துண்டில் ஆறு பள்ளங்களை அந்தந்த நரம்பின் தடிமனுக்கு ஏற்ப அறுக்க வேண்டும். இவற்றுக்கு அரை மணி நேரம் கொடுப்பதா, அரை நாள் கொடுப்பதா என்று முடிவெடுப்பவர் தொழிலாளி அல்லர். மலிவுக் கித்தாரில் ‘பிக்கப்’, சாவி, சுவிட்சு எல்லாம் மலிவு வகையாக இருப்பதும் அப்படித்தான். அதை வாங்கச் சொன்னவர் வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே நாட்டின் பெயர் எதையுமே சொல்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஊதியம் அதிகமான நாட்டில் மலிவுக் கித்தார் செய்து கட்டுப்படியாகாது. அதனால் அங்கே விலை உயர்ந்தவற்றை மட்டுமே செய்கிறார்கள், அவற்றுக்கு நேரமும் கொடுக்கிறார்கள். பின்புறத்து எழுத்து காட்டுவது கொடுத்த நேரத்தையும் கூலியையும்தான். கைத்திறனை அதில் தேடக்கூடாது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரல் பலகைக்கு உலகம் விரும்பும் ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம்தான்; தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி இன மரங்கள் அத்தனையும் சைட்டிஸ் எனும் அனைத்துலக உடன்பாட்டின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒவ்வொரு கப்பலுக்கும் அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டதால் பல நிறுவனங்கள் மரத்தையே மாற்றின. மலிவு வரிசைகளில் இந்தியன் லாரல் என்ற பெயரில் வந்தது நம் கருமருது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. உடல் மரத்தைப் பொறுத்தவரை, நம் காட்டு மெராந்தியும் ஞாத்தோவும் இன்று பெரிய பெயர் கித்தார்களுக்குள் இருக்கின்றன. எந்த மரம் எப்படி ஒலிக்கும் என்று இரவு முழுக்கச் சண்டை போடுவார்கள். ‘பிக்கப்’ காந்தம் கேட்பது நரம்பின் அசைவைத்தான் என்பதால் நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை.

சரி, விலை ஏன் ஏறுகிறது? 2020 பெருந்தொற்றின்போது வீட்டில் அடைபட்ட உலகம் கித்தாரைக் கையில் எடுத்தது. ஃபெண்டர் அதுவரை காணாத விற்பனையைக் கண்டது. அதற்கடுத்த ஆண்டு கப்பல் கட்டணம் தலைதெறிக்க ஏறியது. நமக்கோ இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி நாணயத்தில் விழுந்தது. ஒரு சின்னக் கணக்கு: 500 டாலர் கித்தார். 2014 நடுப்பகுதியில் ஒரு டாலர் ஏறக்குறைய 3 வெள்ளி 20 சென்; அப்போது அது 1,600 வெள்ளி. 2024 பிப்ரவரியில் டாலர் 4 வெள்ளி 80 சென்னைத் தொட்டது, 1998 ஜனவரிக்குப் பிறகு நம் வெள்ளி கண்ட மிகத் தாழ்ந்த நிலை. அதே கித்தார் 2,400. தொழிற்சாலையில் ஓர் ஆணிகூட மாறவில்லை, தொழிலாளிக்கு ஒரு சென்கூட ஏறவில்லை. நமக்கு 800 வெள்ளி கூடிவிட்டது. பகுதி நேர வேலையில் மணிக்கு 8 வெள்ளி வாங்கும் மாணவருக்கு அது நூறு மணி நேர உழைப்பு. பிறகு வெள்ளி ஓரளவு மீண்டுவிட்டது. கடையில் ஒட்டிய விலைச் சீட்டு மீண்டதாக நான் பார்த்த கடை எதிலும் தெரியவில்லை.

இணையத்தில் மலிவாக வருகிறதே என்பீர்கள். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு வரி உண்டு. அதைவிட முக்கியம், கித்தாரைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்குவது.

என்ன பார்க்க வேண்டும்? சுங்கைப்பட்டாணியில் கித்தார் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். ஒலிபெருக்கியில் சொருகாமலே ஆரம்பி என்றார். கழுத்தின் இரு விளிம்பிலும் விரலை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். ஃபிரெட் முனை உறுத்தக் கூடாது. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நரம்பை அழுத்திப் பிடித்து நடுவில் பார்க்க வேண்டும். மெல்லிய ஓர் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் கழுத்து சரி. அதிகம் வளைந்திருந்தால் உள்ளே ஓடும் ‘டிரஸ் ராட்’ என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம், அந்தத் திருகாணி சுற்றுகிறதா என்பதையும் கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துவிட வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் நரம்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் விரல் வலிக்காது. பிறகு ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசிக்க வேண்டும்; எங்காவது கரகரத்தால் அங்கே மட்டம் தப்பியிருக்கிறது. சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால் நட் பள்ளம் நரம்பைக் கடிக்கிறது, அது சிறு வேலை. கடைசியில்தான் ஒலிபெருக்கி.

“நம்ம ஊருக்கு இன்னொண்ணு இருக்கு தம்பி,” என்றார். கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு மூன்று மாதம் வறட்சி, பிறகு மழை. வறட்சியில் மரம் சுருங்கும், மழையில் ஊதும். குளிர்சாதன அறையில் செட்டப் செய்து வைத்த கித்தார் நம் வீட்டு வெக்கைக்கு வந்ததும் கழுத்து நகரும். அது எந்த நாட்டில் செய்த கித்தாருக்கும் பொது. வாங்கும் பணத்தில் நூறு, நூற்றைம்பது வெள்ளியைச் செட்டப்புக்கு ஒதுக்கிவைத்துக்கொள் என்பது அவர் கொடுத்த புத்தி.

பழைய ஜப்பான் கித்தார் கட்சி இதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. பார்க்க அழகு. ஆனால் ஃபிரெட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்து, மாற்றினால் மட்டுமே வாசிக்கலாம் என்ற நிலை. மாற்றும் கூலியைச் சேர்த்தால் கையிருப்பைத் தாண்டியது. கடையில் தவுக்கே இறக்கிக் கொடுத்த மூன்று இந்தோனேசியக் கித்தார்களையும் தம்பி வாசித்துப் பார்த்தான். மூன்றும் ஒரே மாதிரி, ஒரே விலை. இரண்டு சுமார்; ஒன்று அருமை. அருமையானதை 1,290 வெள்ளிக்கு வாங்கினோம்.

வீட்டுக்கு எடுத்து வந்ததும் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். கித்தாரை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. கழுத்தின் விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போனவர், பதினேழாவது ஃபிரெட்டில் நின்றார். “இங்க ஒண்ணு இடிக்குது.” நாங்கள் ஐந்து பேரும் தடவிப் பார்த்தோம். ஆமாம், இடித்தது. மறுநாள் பழுதுபார்க்கும் அண்ணன் சின்ன அரத்தால் நாலு இழு இழுத்துச் சரிசெய்து கொடுத்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.